நெருப்பு மிச்சம் வைப்பது

மண்டையோடு வெடிப்பதில்லை.

இப்படி எழுதினால் என் சொந்தத்தில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஊரில் விறகடுக்கி எரித்த காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள், "கபாலம் வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவோம்" என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். உச்சந்தலை வழியே உயிர் வெளியேறுகிறது, அதன் ஓசைதான் அது என்பது நம்பிக்கை. நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. வேடிக்கை என்னவென்றால், தடயவியல் துறையிலும் இதே கதை வேறு உடையில் நெடுநாள் உலவிக்கொண்டிருந்தது. சூட்டில் மூளை கொதிக்கும், நீராவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், மண்டையோடு வெடித்துச் சிதறும் என்று அனுபவசாலிகளே சொன்னார்கள்.

இதை எரித்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் எலைன் போப். தானமாக வந்த மனிதத் தலைகளை அவரும் உடன் ஆய்வாளரும் எரித்தார்கள். சிலவற்றில் குண்டுக் காயம், சிலவற்றில் அடிபட்ட காயம், சிலவற்றில் ஒன்றுமில்லை. தீ எங்கே முதலில் தோலைப் பிளக்கிறது, எலும்பு எப்போது வெளியே தெரிகிறது என்று கூடவே நின்று பார்த்தார்கள். முடிவு 2004-ல் வெளிவந்தது. காயமில்லாத தலை எதுவும் வெடிக்கவில்லை. மண்டையோட்டில் கண்குழி முதல் பிடரித் துளை வரை ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன. அது வெந்து, அடுக்கடுக்காக உரிந்து, மேலே ஏதாவது விழுந்தால் அல்லது யாராவது கைவைத்தால் உடைகிறது. காயம் பட்டிருந்த தலைகளிலோ, எரிந்த பிறகும் காயத்தின் தடம் படிக்கக்கூடியதாக இருந்தது.

சுடுகாட்டில் கேட்ட சத்தம் ஈர விறகுடையதாக இருக்கலாம். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இதன் மறுபக்கம். சூட்டில் மண்டை தானாகவே வெடிக்கும் என்று விசாரணை அதிகாரி நம்பிக்கொண்டிருந்தால், இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தவன் தப்பித்துவிடுவான். உடைந்த மண்டையைப் பார்த்து, "நெருப்பின் வேலை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சிங்கப்பூரில் இந்துக் குடும்பங்களின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சடங்கு செய்யும் பண்டாரத்தைப் பிடிப்பது, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போடுவது, மண்டாய் தகனச்சாலையில் நேரம் பதிவு செய்வது, மறுநாள் எலும்பு பொறுக்கக் குடும்பத்தோடு போவது, கடலில் கரைக்கப் படகு பிடிப்பது எல்லாம் எங்கள் பாடு. வழக்கமாகச் சாவு வீட்டில் என்னைத் தடயவியல் கேள்வி யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுத் தீக்குப் பிறகு கேட்டார்கள்.

இறந்தவர் வயதானவர். அடையாளம் காட்டப் பிணவறைக்குப் போய்வந்த மகன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணே, அப்பா கையை முறுக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறார். கதவை உடைக்கப் போராடியிருக்கிறார். நாங்கள் யாரும் வீட்டில் இல்லை." முழங்கை மடங்கி, கை முஷ்டியாக இறுகி, குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல் இருந்ததாம். அன்றைக்கு எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சடங்கு வேலையைப் பார்த்தேன். ஆனால் அவர் முகம் தூங்கவிடவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிடப் பலம் கூடியவை. சூட்டில் நீர் வற்றித் தசையும் நாரும் சுருங்கும்போது பலமான பக்கம் ஜெயிக்கிறது. விரல் மடங்குகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, முழங்கை மடங்குகிறது, முழங்காலும் கூட. இறந்து வெகுநேரம் ஆன உடலிலும் இது நடக்கும். மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வந்த உடலை எரித்தாலும் அதே முஷ்டி, அதே மடிப்பு. போராட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உயிரோடு இருந்தபோது தீ பரவியதா என்பதைச் சொல்வது வேறு அடையாளங்கள். மூச்சுக்குழாயில் புகைக்கரி படிந்திருக்கிறதா, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூச்சு நின்ற பிறகு கரி உள்ளே இறங்காது. வீட்டுத் தீயில் பெரும்பாலும் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் மயக்கம் வரும், சூடு தெரிவதற்கு முன்பே நினைவு போய்விடுவதும் உண்டு. கருமாதிக்கு முன் அந்த மகனைப் பார்த்து இதைச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. பிறகு பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடமே கேட்டிருக்கிறார். அவரும் இதையேதான் சொன்னார் என்று, பதினாறாம் நாள் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். குடும்பத்துக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும் மருத்துவர்களுக்குப் பெரிய கும்பிடு போடலாம்.

அந்த முஷ்டிக்கு இன்னொரு பயன் இருக்கிறது. இறுக மூடிய விரல்களுக்குள் விரல்நுனி ஒளிந்துகொள்கிறது. வெளிப்புறம் கரியாகிவிட்ட கையைக் கவனமாகப் பிரித்தால் உள்ளே ரேகை பிழைத்திருக்கக்கூடும். பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் முதன்மையாக ஏற்பவை மூன்று: கைரேகை, பல், மரபணு. உடல் தன்னையறியாமல் அவற்றில் ஒன்றைக் கைக்குள் பொத்தி வைக்கிறது. பற்களுக்கும் அப்படி ஒரு காவல் உண்டு. முன்பல் சீக்கிரம் வெடித்து உதிர்ந்தாலும், கடைவாய்ப் பற்களைக் கன்னமும் நாக்கும் நெடுநேரம் மூடிக் காக்கின்றன. பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய், பதிவு வைத்திருப்பவரை அடையாளம் காண்பது சுலபம். எங்கள் வீட்டு ஆண்கள் பல் வலித்தால் கிராம்பு வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்கள். இதைப் படித்த பிறகுதான் நானே வருடாந்தரப் பரிசோதனைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஸ்டீவன் சைம்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இந்த மடிப்பை வைத்தே ஒரு வாசிப்பு முறையை வகுத்திருக்கிறார்கள். வழக்கமான எரிப்பில் சதை குறைந்த இடங்கள் முதலில் வேகும்: நெற்றி, விரல் கணுக்கள், முழங்கைமுட்டி, முன்னங்கால் எலும்பு. மடிந்த முழங்கையின் உட்பக்கம் கடைசியில்தான் தீயைப் பார்க்கும். உட்பக்கம் கருகி வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் கேள்வி எழ வேண்டும். கையை மடங்கவிடாமல் எது தடுத்தது? கட்டியிருந்தார்களா? மேலே ஏதாவது அழுத்தியிருந்ததா? கயிறு எரிந்து போய்விடும். அது இருந்த சேதி எலும்பின் நிறத்தில் இருக்கும்.

நிறம் என்றதும் மண்டாய் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் அரசின் முதல் தகனச்சாலை 1962-ல் மவுண்ட் வெர்னனில் தொடங்கியது. மண்டாய் 1982-ல் வந்தது. நிலம் குறைந்த தீவு இது. புதிதாகப் புதைக்கச் சுவா சூ காங் இடுகாடு ஒன்றுதான் மிச்சம், அங்கும் 15 ஆண்டுகளுக்குத்தான் இடம். அதனால் எந்த இனத்தவரானாலும், மதம் தடுக்காதவரையில் பெரும்பாலோர் தகனம்தான். எலும்பு பொறுக்கும் அறையில் தட்டு வரும்போது நான் குடும்பத்தாருக்குப் பின்னால் நிற்பேன். கால்பக்கத்திலிருந்து தொடங்கித் தலை மேலே வரும்படி கலசத்தில் வைக்கச் சொல்வது என் வேலை. பல ஆண்டுகள் அதை வெள்ளைத் துண்டுகள் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

எலும்பு சூடேறும்போது முதலில் பழுப்பாகிறது, பிறகு அதிலுள்ள கரிமப் பொருள் கருகிக் கறுப்பாகிறது, அதுவும் எரிந்து போகப்போகச் சாம்பல் நிறம், சில இடங்களில் நீலம் பாய்ந்த சாம்பல், கடைசியில் வெள்ளை. ஏறத்தாழ 700, 800 டிகிரியைத் தாண்டியதுதான் சுண்ணாம்பு வெள்ளையாகும். தகனச்சாலை உலை அந்தச் சூட்டைத் தொடர்ந்து வைத்திருப்பதால் தட்டில் வருவது பெரும்பாலும் வெள்ளை. வீட்டுத் தீயிலோ காரிலோ எரிந்த உடலில் ஒரே எலும்பில் இந்த நிறங்கள் எல்லாமே கிடைக்கலாம். கறுப்புப் பகுதியில் மரபணு கிடைக்க வாய்ப்பு உண்டு. வெள்ளையான பகுதியில் அநேகமாகக் கிடையாது. ஆகவே, எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று நிறத்தைப் பார்த்தே ஒருவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் ஒரு பிடி சாம்பல்" என்று மேடைப் பேச்சில் சொல்வார்கள். கலசத்தைத் தூக்கிக் காரில் வைப்பவனைக் கேளுங்கள். அமெரிக்காவின் டென்னசியில் மானுடவியலாளர் வில்லியம் பாஸும் அவர் சகாவும் 2004-ல் வெளியிட்ட கணக்குப்படி ஆணின் சாம்பல் சராசரி 3.4 கிலோ, பெண்ணுடையது 2.4 கிலோ. பிணங்கள் அழுகுவதை ஆராய டென்னசிப் பல்கலைக்கழகத்தில் திறந்தவெளி நிலையம் தொடங்கியவர் இதே பாஸ்தான். ஆள் பருமனா ஒல்லியா என்பதற்கும் இந்த எடைக்கும் பெரிய உறவில்லை. கொழுப்பு எரிந்து போய்விடும். எலும்புக் கூடு எவ்வளவு பெரியது என்பதுதான் எடை. இந்த அற்பமான எண்ணுக்கும் வேலை உண்டு. 2002-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தகனச்சாலைக்காரர் 300-க்கும் மேற்பட்ட உடல்களை எரிக்காமலேயே வளாகத்தில் போட்டுவிட்டு, சிமெண்ட் போன்ற தூளைக் கலசத்தில் அடைத்துக் குடும்பங்களிடம் கொடுத்திருந்தது அம்பலமானது. கையில் இருப்பது மனிதச் சாம்பல்தானா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, உண்மையான சாம்பல் எவ்வளவு எடை, என்ன பதம் என்று யாராவது உட்கார்ந்து அளந்திருக்க வேண்டும் அல்லவா?

வெள்ளையான எலும்பு பொரித்த அப்பளம். தொட்டால் நொறுங்கும். இது எலும்பு பொறுக்கும் அறையில் பெரிய சங்கடமில்லை. தீ நடந்த இடத்தில் பெரிய சங்கடம். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், கூரை சரிகிறது, கனத்த பூட்ஸ் கால்கள் நடக்கின்றன. உயிரோடு யாராவது இருக்கக்கூடும் என்ற நிலையில் அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால், இனி யாரும் உயிரோடு இல்லை என்று தெரிந்த கணத்திலிருந்து வேலையின் இலக்கணம் மாற வேண்டும். அடியில் எலும்பு கிடக்கலாம் என்று எண்ணிக் கால் வைக்க வேண்டும். இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்டியிட்டு, சிறு கரண்டியால் அள்ளிச் சல்லடையில் சலிக்க வேண்டும். சாம்பலுக்குள் கிடக்கும் வெள்ளைத் துண்டு எலும்பா, உதிர்ந்த கூரைப் பூச்சா என்று கண் பிரித்தறிய வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ வட்டாரத்துத் தீ விசாரணைக் குழுவினர் அதற்காகவே பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். எலைன் போப்பும் அதில் பாடம் நடத்தியவர். தீ விசாரணையாளர், காவல் துறையினர், மரண விசாரணை அலுவலர், மானுடவியலாளர் எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். தானமாகக் கிடைத்த உடல்களைக் காரில் வைத்து, ஜோடித்த அறையில் வைத்து, வெட்டவெளியில் வைத்து எரிக்கிறார்கள். எரிவதை நேரமும் சூடும் குறித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பிறகு தீயை அணைத்து, எப்படி எரித்தார்கள் என்று தெரியாதவர்களிடம் ஒப்படைத்து, தோண்டி எடுத்து விளக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் ஊரில் செய்யும் பிழைகளை அங்கே, யாருடைய வழக்கும் கெடாத இடத்தில், செய்து திருத்திக்கொள்கிறார்கள்.

அந்த வகுப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது என்பது உண்மை. பன்றியை வைத்துச் செய்யக் கூடாதா என்று தோன்றியது. பன்றியை வைத்தும் செய்திருக்கிறார்கள். ஜான் டிஹான் என்ற தீ ஆய்வாளர் 1998-ல் போர்வை சுற்றிய பன்றி உடலை எரித்து, உருகும் கொழுப்பைத் துணி திரியாக உறிஞ்சிக் குறைந்த தீயில் மணிக்கணக்கில் எரியும் என்று காட்டினார். "தானாகப் பற்றி எரிந்த மனிதர்கள்" என்ற பழைய பீதிக் கதைகளில் பாதிக்கு அதுவே விடை. ஆனால் பன்றிக்கு மனிதத் தலை கிடையாது, மனிதக் கை கிடையாது. மடிந்த முழங்கையும் மூடிய முஷ்டியும் மனிதர்களுடையவை. போர்ச்சுகலில் கோயிம்பிரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயதும் பாலும் தெரிந்த எலும்புக்கூடுகளை எரித்து, எரிவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடத்தக்க தொகுப்பு ஒன்றையே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் காட்டுத்தீ எரியும் நாடுகளின் கவலை என்று நினைப்பவர்களுக்கு: 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்து 85 பேர் இறந்தபோது, வீடுகளின் சாம்பலில் முழங்காலிட்டுத் தேடியவர்களில் சிக்கோ நகரப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர்கள் இருந்தார்கள். நமக்குக் காட்டுத்தீ இல்லைதான். கப்பல் பட்டறைகளும் எண்ணெய் ஆலைகள் நிறைந்த தீவும் விமானமும் இருக்கின்றன. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து எரிந்ததில் 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய தொழில் விபத்து இல்லை. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன் ராபின்சன்ஸ் கடைத்தொகுதித் தீயில் 9 பேர் போனார்கள். 2000 அக்டோபர் 31 இரவு, தைப்பேயில், மூடியிருந்த ஓடுபாதையில் புறப்பட முயன்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006 விமானம் கட்டுமான இயந்திரங்களில் மோதித் தீப்பிடித்தது. 83 பேர். அந்த வாரம் காப்பிக்கடையில் யாரும் சத்தமாகப் பேசியதாக நினைவில்லை.

ஒரு கொலை வழக்கும் உண்டு. 2016-ல் ஒருவர், தான் கொன்ற பெண்ணின் உடலை லிம் சூ காங்கில் ஒதுக்குப்புறமான இடத்தில் கரியும் மண்ணெண்ணெயும் போட்டு நாள் கணக்கில் எரித்தார். பிறகு அவரே காவலர்களை அங்கே அழைத்துப் போனார். எஞ்சியதாகக் கிடைத்தவை உள்ளாடைக் கொக்கி ஒன்றும் பாதி எரிந்த துணியும் போன்ற சில்லறைப் பொருள்கள்தான். உடல் கிடைக்கவேயில்லை. 2019-ல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உடலைத் தீயில் மறைக்க நினைப்பவனுக்கு எவ்வளவு கரியும் நேரமும் தேவைப்படுகிறது என்பதற்கும், அவ்வளவு செய்தும் ஒரு கொக்கி தப்பித்துவிடுகிறது என்பதற்கும் இந்த வழக்குச் சாட்சி. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கலசத்தில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால், என் தொழிலில் இருப்பவனுக்கு வேறு எதுவும் அதைவிடக் கனக்காது.

அதனால்தான் எரிந்த உடலை ஆராய்வதை அவமரியாதை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. படிக்கத் தெரியாதவர் கையில் அந்த உடலை விடுவதுதான் அவமரியாதை என்பேன். இதை என் அத்தையிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

அத்தைக்கு எண்பதைத் தாண்டியாகிவிட்டது. தேக்கா சந்தையில் மீன் வாங்கினால் செவுளைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார். கலிபோர்னியா வகுப்பைப் பற்றிச் சொன்னதும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காரில் வைத்து எரிப்பார்களா? மந்திரம் கிடையாது, வாய்க்கரிசி கிடையாது, கொள்ளி வைக்கப் பிள்ளை கிடையாது. அநாதைப் பிணத்துக்குக்கூட இங்கே யாராவது வந்து நிற்கிறோமே, தம்பி!"

"அத்தை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சம்மதித்துக் கொடுத்தவர்கள்."

"சம்மதம் இருந்தால் எதையும் செய்யலாமா?"

நியாயமான கேள்விதான். உடலைத் தானம் செய்பவர்களில் பலர் மருத்துவ மாணவர்களை மனத்தில் வைத்துத்தான் கையெழுத்திடுகிறார்கள். தம் உடலை எரித்துப் பார்க்கக்கூடும் என்பது அவர்களுக்கும் குடும்பத்துக்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அது சொல்லப்படாத இடத்தில் நானும் அத்தை கட்சிதான். சொல்லப்பட்டு, ஒப்புக்கொண்டு கொடுத்தவரை, "பாவம், அவருக்குத் தெரியாது" என்று நாம் இரக்கப்படுவதுதான் அவருக்குச் செய்யும் சிறுமை.

சிங்கப்பூரில் சட்டம் இரண்டு. 1987-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத, 21 வயதான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும். அது சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. முழு உடலையும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தரலாம் என்பது 1972-ல் வந்த வேறு சட்டம். 18 வயதானவர் தாமாக முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களைத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் 'மௌன ஆசான்' என்று மரியாதையோடு அழைக்கிறார்கள். தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் பிறந்த வழக்கம் அது. மாணவர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன் அந்த மனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

நான் பதிந்துகொண்டுவிட்டேன். கலிபோர்னியாவுக்குப் போகப் போவதில்லை. இங்கே ஏதாவது ஒரு மாணவி என் முழங்கையின் உட்பக்கத்து நாரைத் தேடிப் பிடித்துப் பெயர் சொன்னால் போதும். நாளைக்குத் தீயணைப்புப் படையோடு போய் நிற்கும் மருத்துவரும் அந்த மேசையிலிருந்துதானே வர வேண்டும். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரத் துணிச்சல் தேவைப்பட்டது. அவர் கத்தவில்லை. கணக்குக் கேட்டார்.

"எவ்வளவு நாள் வைத்துக்கொள்வார்கள்?"

"வருடக்கணக்கில்கூட ஆகலாம், அத்தை."

"அப்புறம்?"

"தகனம்தான்."

"நெருப்பு உண்டுதானே?"

"உண்டு."

"அப்படியென்றால், பத்திரிகையில் போடும் அறிவிப்பில் எந்தத் தேதியைப் போடுவது? செத்த தேதியா, எரித்த தேதியா? அதை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. உன் தம்பி மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வான்."